கையில் பென்சில் இருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை

ஒரு வீட்டில் இரண்டு பேர் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். அந்த மூன்றாவது ஆளை என்னவென்று சொல்வது? பொறுமைசாலி என்றா, கோழை என்றா? பல வருடமாக யோசிக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியென்று படுகிறது, மறுநாள் மற்றது. அந்த மூன்றாவது ஆள் நான்தான் என்பதால் என் தீர்ப்பை நானே நம்புவதில்லை.

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதும் அனுபவக் கட்டுரைகளில் நரைத்த தலையும் சால்வை போர்த்திய புகைப்படமும் இருக்கும். எனக்கு வயது முப்பத்திரண்டு. அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையிலிருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வு என்று நான் சொன்னால் என் மாமியார் சிரிக்கிறார். "வேலைய விட்டு நின்னுட்டேன்னு சொல்லு. ரிட்டயர்டு கலெக்டர் மாதிரி பேசாத" என்கிறார். ஆனால் எனக்குப் பின் அதே அச்சகத்தில் சேர்ந்து கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் ஜெயா சென்ற வாரம் விருதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டாள்: "அக்கா, எங்க வீட்ல டிவி ஓடுனாலே என்னால ஒரு பக்கம் படிக்க முடியல. அம்புட்டு சண்டைக்கு நடுவுல நீங்க எப்படிக்கா புரூப் பாத்தீக?" அனுபவசாலியிடம் கேட்பது போலவே கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி.ஏ. தமிழ் முடித்தேன், சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கலில் கட்டிக் கொடுத்தார்கள், வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அச்சகம் இருந்தது. தமிழ் படித்த மருமகள் சும்மா இருப்பானேன் என்று மாமியார்தான் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள், மாத நாவல் எல்லாம் அங்கே அச்சாகும். சேர்ந்த அன்றே கையில் ஒரு பென்சில் கொடுத்தார்கள். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். எழுத்துக் கோத்தவர் செய்த பிழையைச் சிவப்பில் சுழிக்க வேண்டும். எழுதியவரே செய்த பிழையை நீலத்தில். யார் தப்பு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உலகத்தில் இவ்வளவு தெளிவான ஏற்பாடு வேறு எங்கும் இல்லை. முக்கியமாக என் வீட்டில் இல்லை.

எங்கள் மேலதிகாரி பால்பாண்டி சார். எல்லாருக்கும் அவர் ரீடர் சார். புரூப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை, அதாவது காப்பியை, உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சடித்த தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, புள்ளி, மேற்கோள், பத்தி என எல்லாவற்றையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். ரீடர் சாருக்கு எதை வாசித்தாலும் ஒரே குரல். கல்யாணப் பத்திரிகைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது. மத்தாப்புப் பெட்டியின் எச்சரிக்கை வாசகத்தை எந்தக் குரலில் வாசிப்பாரோ அதே குரலில் காதல் காட்சியையும் வாசிப்பார். "என்னை மறந்துவிடுங்கள் அத்தான் ஆச்சரியக்குறி மூணு மேற்கோள் மூடு பத்தி" என்று அவர் சொன்னால், மறந்துவிடுவதுதான் நல்லது என்று தோன்றும்.

அவர் எல்லாரையும் மேடம், சார் என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போது இன்னும் மரியாதையாக. "மேடம், நீங்க கதைக்குள்ள போயிட்டீக. வெளிய வாங்க. நமக்கு வாசல்ல நின்னு எழுத்த எண்ணுறதுதான் வேலை. உள்ள போயி அவுக வீட்டு நியாயம் பேசுறது இல்ல." அவர் சொன்ன இன்னொரு விதி இந்தக் கதைக்கு முக்கியம். காதில் விழுவது காப்பி. காப்பிதான் சாமி. காதில் விழுந்ததும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் தாளைத் திருத்து. யோசிக்காதே.

முதல் விதியை நான் ஒரு நாளும் கடைப்பிடிக்கவில்லை. கதைக்குள் போவதற்காகத்தான் நான் வேலைக்கே போனேன். ஒருமுறை கதைக்காக, ஒருமுறை பிழைக்காக என்று ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை படிப்பேன். எங்கள் ஊரில் மழை என்பது அபூர்வம். பட்டாசுக்கு அதுதான் வசதி என்பார்கள். மாத நாவல்களில் முதல் பக்கத்திலேயே மழை கொட்டும். ஊட்டியில் பங்களா, தோட்டத்தில் பிணம், கொலை செய்தவன் எப்போதும் டிரைவர். அந்த மழையில் நனைந்துவிட்டு வீட்டுக்குப் போனால் கொஞ்ச நேரமாவது உடம்பு குளிர்ச்சியாக இருக்கும்.

வீட்டுச் சூடு தனி. என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பட்டாசு ஆபீஸில் போர்மேன். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வது வழக்கம். வெடிமருந்துக் கலவை அறைகளை மேற்பார்வை பார்ப்பது அவர் வேலை. அவர் அந்த வேலையை விட வேண்டும் என்பது அத்தையின், அதாவது என் மாமியாரின், கட்சி. விட மாட்டேன் என்பது அவர் கட்சி. காலையில் அவர் சட்டை போடும்போது ஒரு சுற்று, சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது ஒரு சுற்று.

"ஏலே, கடை வச்சுத் தாரேன்னு சொல்லுதேன். நிழல்ல உக்காந்து புளி, மிளகா நிறுத்துக் குடுக்கக் கசக்குதா?"

"புளி நிறுக்கவா அந்தப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்குனேன்? அங்கன நூறு பேரு என்ன போர்மேன்னு கூப்பிடுறாக."

"நூறு பேரு கூப்பிடுதது சரி. ஒருநா மேல இருந்து ஒருத்தன் கூப்பிடுவான், அப்பயும் போர்மேன்னுதான் கூப்பிடுவானா?"

"எம்மா, வேலைக்குப் போற நேரத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியா?"

இருவருமே நல்ல பேச்சாளர்கள். கேட்க ரசமாகத்தான் இருக்கும், நம் வீடாக இல்லாவிட்டால். ஆனால் ஒவ்வொரு சண்டையும் ஒரே இடத்தில் வந்து முடியும். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்புவார்கள். "நீ சொல்லு மீனா. நீதான படிச்சவ."

நான் என்ன சொல்ல? அத்தை சொல்வது சரி என்றால், அவர் அன்று சாப்பிடாமல் போவார். கோபத்தோடு மருந்து அறைக்குள் போகிற ஆளை நினைத்து நாளெல்லாம் நான் புரூப்பில் பிழைகளைத் தவற விடுவேன். அவர் சொல்வது சரி என்றால், நாளை ஏதாவது ஆனபின் நான் எப்படி அத்தை முகத்தில் விழிப்பது? இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை பவித்ரா வேறு, யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அவசர வேலை என்று மாத நாவலின் புரூப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். சண்டை முடிந்து இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். என் கையில் பென்சில் இருந்தது. "ஒரு நிமிசம் அத்தை, கம்பெனி வேலை" என்றேன். நம்பமாட்டீர்கள், இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் சாமி கும்பிடுகிறவனைக்கூட நடுவில் எழுப்புவார்கள். ஆர்டர், சீசன், கம்பெனி என்ற மூன்று வார்த்தைகளில் ஒன்றைச் சொன்னால் யாரும் தொட மாட்டார்கள். அத்தை அடுத்த வீட்டுக்காரர்களிடம் போய், "சத்தம் போடாதீக, மருமக கம்பெனி வேலையா இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தெருவில் அதிகச் சத்தம் எங்கள் வீட்டில்தான் என்பது வேறு விஷயம்.

அதன்பிறகு நான் பென்சில் இல்லாமல் எதையும் படிக்கவில்லை. நூலகத்தில் எடுத்த நாவலைப் படிக்கும்போதும் கையில் பென்சில் இருக்கும். அவ்வப்போது பழக்கதோஷத்தில் ஒரு துணைக்காலையும் ஒற்றையும் சுழித்தும் வைத்திருக்கிறேன். நூலகர் ஒரு முறை புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரோ ஒரு பைத்தியம் நம் ஊர்ப் புத்தகங்களையெல்லாம் திருத்திக்கொண்டு வருகிறது என்று என்னிடமே வருத்தப்பட்டார்.

மனதுக்குள் சண்டைக்கும் புரூப் பார்ப்பேன். அத்தை செத்தவர்களை இழுத்துப் பேசினால் சிவப்பு. அவர் பெற்ற தாயை வாயை மூடு என்றால் சிவப்பு. பயத்தில் பேசுவதெல்லாம் நீலம், ஏனென்றால் அது தலையெழுத்தை எழுதினவனுடைய பிழை, அவர்களுடையது அல்ல. தாளின் ஓரத்தில் எதுவும் எழுதியதில்லை. நினைப்பதோடு சரி.

பவித்ராவுக்கு மூன்று வயது ஆனபோது, அச்சகத்தில் காப்பி வாசிக்கும் பெண் பிரசவத்துக்குப் போய்விட்டாள். தீபாவளி வேலையும் காலண்டர் வேலையும் சேர்ந்து நெருக்கிய நேரம், ஆள் கிடைக்கவில்லை. "வீட்ல வாசிக்கத் தெரிஞ்சவுக யாராவது இருக்காகளா மேடம்?" என்றார் ரீடர் சார். எட்டாம் வகுப்பு வரை படித்த அத்தை இருந்தார். பஸ்ஸில் போனால் வழியில் இருக்கிற அத்தனை போர்டையும் சத்தமாக வாசித்துக்கொண்டு வரும் ஆள். சொன்னவுடன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அத்தை வாசிப்பதில் ஒரே ஒரு சிக்கல். காப்பி எங்கே முடிகிறது, அத்தை எங்கே தொடங்குகிறார் என்பது தெரியாது.

"சுகந்தி ஜன்னலோரம் நின்று அழுதாள் புள்ளி. இவளுக்கு வீட்ல வேற சோலி இல்ல போல. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது புள்ளி. பேயட்டும், இவ என்ன வெடியா காயப்போட்டிருக்கா?"

"அத்தை, அது காப்பியில இருக்கா?"

"எது?"

"வெடி காயப்போட்டது."

"இல்ல. ஆனா இருந்தா நல்லாருக்கும்."

வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. அத்தையின் வாய்க்கு வேலை கிடைத்துவிட்டதால் சாயங்காலச் சண்டை நின்றுபோனது. அவர் வந்து சட்டையைக் கழற்றும்போது அத்தை சுகந்தியைத் திட்டிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வாசற்படியில் நின்று கேட்பார். மறுநாள் காலையில் மெதுவாக என்னிடம், "இன்னிக்குப் புரூப் கொண்டாருவியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். புத்தகத்துக்குள் நான் மட்டும் ஓடி ஒளிந்துகொண்டிருந்தேன். இப்போது மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒளிந்துகொண்டிருந்தோம். இடம் கொஞ்சம் நெருக்கடிதான், இருந்தாலும் நன்றாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய நாட்களில் ஒரு நாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் புரூப்பை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அத்தை உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் அலமாரியில் இருந்த தம்ளர்கள் நடுங்கின. அப்புறம்தான் சத்தம் வந்தது. தெருக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படிப்பட்ட நேரத்தில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பக்கம்?

மேற்கே புகை ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய ஆபீஸும் மேற்கே. ஆனால் மேற்கே பட்டாசு ஆபீஸ்களுக்குக் குறைவில்லை.

அடுத்த வீட்டில் போன் இருந்தது. அவர் ஆபீஸ் எண்ணைப் போட்டால் ஒரே கொக் கொக் சத்தம். ஊர் முழுவதும் அதே நேரத்தில் எல்லா ஆபீஸுக்கும் போட்டுக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் சிலர் செருப்பைக்கூடப் போடாமல் சிவகாசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் ஏறினார்கள். நானும் பிள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல போயி எதுக்கு நிக்கணும்? நாம போயி நின்னா, அவன நாமளே அங்கன கொண்டாந்து சேத்த மாதிரி."

"அப்ப என்ன அத்தை செய்யிறது?"

அத்தை அடுப்பை அணைத்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கம்பெனி வேல கிடக்குல்ல. உக்காரு. பென்சில எடு."

உட்கார்ந்தோம். பிள்ளை என் மடியில் தூங்கியது. அத்தை வாசிக்கத் தொடங்கினார். அத்தியாயம் பதினொன்று. சுகந்தியின் புருஷன் ரகு ரயிலில் போனவன். ரயில் விபத்து என்று ரேடியோவில் செய்தி வருகிறது. சுகந்தி ஜன்னலோரம் நிற்கிறாள். இந்த ஊரில் இவ்வளவு நாவல்கள் இருக்கும்போது அன்று எங்கள் கையில் அதுதான் இருந்தது.

அத்தை அன்று சுகந்தியைத் திட்டவில்லை. மழையைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கமா, புள்ளி, பத்தி. ரீடர் சார் வாசிப்பது போல ஒரே குரல். அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் அத்தை எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வெளியே வேன்கள் போகும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் தலையைத் தூக்கவில்லை. ஒரு சொல், அடுத்த சொல், ஒரு கமா. நடுவில் வேறு எதுவும் நுழைய இடம் கொடுக்காமல் போய்க்கொண்டே இருந்தோம்.

ஓர் ஆள் சுகந்தி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அத்தை வாசித்தார்:

"அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான் கமா மேற்கோள் ரகு வந்துவிட்டான் புள்ளி மேற்கோள் மூடு பத்தி."

என் தாளில் 'ரகு இறந்துவிட்டான்' என்று இருந்தது. காதில் விழுவது காப்பி. காப்பிதான் சாமி. நான் 'இறந்து' என்பதைச் சுழித்து, ஓரத்தில் 'வந்து' என்று சிவப்பில் எழுதினேன். அத்தை என் கையைப் பார்த்தார். நான் அத்தை முகத்தைப் பார்க்கவில்லை. "சுகந்தி மயங்கி விழுந்தாள் புள்ளி" என்று வாசிப்பு தொடர்ந்தது. விதிப்படி திருத்தினேனா, தெரிந்தே திருத்தினேனா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வெயில் தாழும்போது அவருடைய டி.வி.எஸ். வண்டிச் சத்தம் தெரு முனையில் கேட்டது. அத்தை ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். புள்ளி வரை வாசித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வெடித்தது அவருடைய ஆபீஸ் இல்லை, அதற்கு அடுத்தது. இவர்கள் ஆபீஸிலிருந்து ஓடிப்போய் அடிபட்டவர்களைத் தூக்கி வண்டியில் போட்டிருக்கிறார்கள். அவர் உடம்பில் கிடந்த சட்டை அவருடையது அல்ல. "இது யாரு சட்ட?" என்று அத்தை கேட்டார். அவர் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். அன்று எங்கள் பின்தெருவில் இரண்டு வீட்டுக்கு ஆள் வரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை, எழுதவும் கூடாது என்று நினைக்கிறேன்.

சோறு போட்டபோது அத்தை மெல்லத் தொடங்கினார். "இனிப் போகாத."

"நாளைக்கு எல்லா ஆபீஸுக்கும் ஆபீசர்க வருவாக. போர்மேன் இல்லாம முடியாது."

"அந்த ஆபீஸ் போர்மேன் எங்க இருக்கான்?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எம்மா, இப்ப நான் விட்டா பயந்து ஓடுனேன்னு ஆகும். அங்கன வேல பாக்குற நூறு பேரும் என்ன நினைப்பாக?" பிறகு இருவரும் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்கள். "நீ சொல்லு மீனா."

மத்தியானத்திலிருந்து பென்சில் என் விரலிடுக்கில்தான் இருந்தது. கம்பெனி வேலை என்று சொல்லியிருக்கலாம். அன்றும் மதித்திருப்பார்கள். பென்சிலைத் தரையில் வைத்தேன். பவித்ரா உடனே அதை எடுத்துச் சுவரில் கிறுக்கப் போனாள்.

"வேண்டாங்க. விட்ருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ரொம்ப நாளாகப் பேச்சு வராத பிள்ளை திடீரென்று வாயைத் திறந்தால் பார்ப்பார்களே, அப்படி. "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

மாத நாவல் வெளியான பிறகு ரீடர் சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் புத்தகம் விரிந்திருந்தது.

"மேடம், பதினோராம் அத்தியாயத்துல ரகு வந்துட்டான் புள்ளி. பன்னெண்டாம் அத்தியாயத்துல ரகுவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடக்குது புள்ளி. நடுவுல இவன் எப்ப போனான் கேள்விக்குறி."

நடந்ததை அப்படியே சொன்னேன். எந்தத் தேதியில் புரூப் பார்த்தோம் என்று அவர் தாளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் இங்கன இந்தச் சேர்லதான் இருந்தேன். என் மச்சினன் மருந்துக் கலவையில வேல. ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகைதான் கையில. சாயந்தரம் வரைக்கும் அதே பத்திரிகைய வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"மச்சினர் வந்துட்டாரா சார்?"

"வந்துட்டான்" என்றார். ரகுவுக்குச் சொன்ன அதே சொல்தான், இந்தத் தடவை புள்ளி சொல்லவில்லை. அடுத்த நொடியே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "எழுத்தாளர் நாளைக்கு வாராரு. நீங்க லீவு போட்டுக்கோங்க மேடம்" என்றார்.

லீவு போட நான் பயந்தேன். லீவு போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும் என்று போய் உட்கார்ந்திருந்தேன். எழுத்தாளர் வந்தார். காப்பி குடித்தார். தம் புத்தகத்தை அவர் படிக்கவில்லை, நண்பர் ஒருவர் படித்துவிட்டு, செத்தவன் திரும்பி வருவது போலச் சுகந்திக்கு ஒரு பிரமை வருகிற இடம் பிரமாதம் என்று போனில் சொன்னாராம். "அது தானா வந்து விழுந்துச்சு சார்" என்று ரீடர் சாரிடம் அடக்கமாகச் சொன்னார். ரீடர் சார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ஆமா சார். எங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றார்.

தீபாவளி முடிந்ததும் என் வீட்டுக்காரர் வேலையை விட்டார். கடை வைக்க அவருக்குச் சம்மதம் இல்லை. விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் சூப்பர்வைசர் ஆனார். குடும்பமும் விருதுநகருக்கு வந்தது. நான் சில வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். பிறகு எழுத்தாளர்கள் கம்ப்யூட்டரிலேயே திருத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள், பவித்ராவும் பெரிய வகுப்புக்குப் போனாள், நான் ஓய்வு பெற்றேன். பிரிவுபசார விழா எதுவும் நடக்கவில்லை. பென்சிலைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். பதினோராம் அத்தியாயத்தில் ஆள் வந்துவிட்டார் அல்லவா? ஆனால் எங்கள் வீட்டிலும் பன்னிரண்டாம் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. மில்லில் பருப்புத் தூசி. அவருக்கு இருமல்.

"போர்மேனா இருந்தப்ப எப்படி நெஞ்ச நிமித்திக்கிட்டு இருந்தான். இங்கன தூசிய முழுங்கி முழுங்கி இப்படி ஆயிட்டான்" என்கிறார் அத்தை.

"நீதானம்மா விடச் சொன்ன?"

"நான் கடை வையின்னேன். பருப்பு மில்லுக்கா போகச் சொன்னேன்? விடு விடுன்னு சொன்னது உன் பொண்டாட்டி."

"நிழல்ல சம்பளம் வருது. நான் நிம்மதியாத்தான் இருக்கேன்" என்று இருமுகிறார் அவர்.

இருவரும் வசனங்களை மாற்றிக்கொண்டார்கள், நாடகம் மட்டும் அதேதான். வேலையை விட மாட்டேன் என்றவர் விட்டது நல்லது என்கிறார். விடச் சொன்னவர் ஏன் விட்டாய் என்கிறார். என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு முறை நியாயம் சொன்னேன். அந்த ஒன்றும் என் கணக்கில் சிவப்பில் விழுந்துவிட்டது. சொல்லாமல் இருந்த நாளெல்லாம் தப்பு என்று அன்று தோன்றியது. சொன்னதும் தப்போ என்று இன்று அவர் இருமும்போது தோன்றுகிறது. அவர் உயிரோடு இருந்துதானே இருமுகிறார் என்றும் உடனே தோன்றுகிறது. ஓர் இருமலுக்கு இரண்டு யோசனை.

ஆனால் நான் உங்களிடம் ஆலோசனை கேட்கப்போவது இதைப் பற்றி இல்லை.

சென்ற வாரம் ஜெயா வந்திருந்தபோதுதான் அது நடந்தது. காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி இருக்கிறாள் என்றும் பார்க்காமல் உள்ளே இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். பவித்ராவுக்கு இப்போது எட்டு வயது. மூலையில் உட்கார்ந்து ஏதோ கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். வாதம் முற்றியதும் இருவரும் வழக்கம்போலத் திரும்பினார்கள். என் பக்கம் இல்லை. நான் ஏற்கெனவே குற்றவாளிக் கூண்டில் இருப்பதால் நீதிபதி மாறிவிட்டார் போல.

"நீ சொல்லு பவி. அப்பத்தா சொல்லுறது சரியா, அப்பா சொல்லுறது சரியா?"

பிள்ளை புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் தரையில் தடவி எதையோ எடுத்து உயர்த்திக் காட்டினாள். என்னுடைய பென்சில். சீவிச் சீவி விரல் நீளம்கூட இல்லை.

"நான் வேலையா இருக்கேன்" என்றாள்.

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெயா சிரித்து, "இப்பத் தெரியுதுக்கா, நீங்க எப்படிப் படிச்சீகன்னு" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவள் எந்தப் பக்கத்தில் இருக்கிறாள் என்று பிறகு மெதுவாகப் போய்ப் பார்த்தேன். கதையில் மழை பெய்துகொண்டிருந்தது. அவள் முகம் குளிர்ந்துபோயிருந்தது. அந்தக் குளிர்ச்சி எனக்கு நன்றாகத் தெரியும். அதில்தான் நான் அத்தனை வருடம் உயிர் பிழைத்தேன். அதைப் பிள்ளையிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம் அவளுடைய அப்பா என்னிடம் சொன்னதும் காதிலேயே இருக்கிறது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே.

பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படிப்பீர்கள். சண்டை நடக்கும்போது அவளைப் புத்தகத்திலிருந்து எழுப்பி, உனக்கு என்ன தோன்றுகிறதோ சொல் என்று கேட்கலாமா? எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? அல்லது அந்தப் பென்சில் தீர்ந்துகொண்டு வருகிறது, சிவகாசிக்குப் போகும்போது புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கலாமா? எது சரியென்று எழுதுங்கள். பென்சில் இன்னும் ஒரு மாதம் வரும்.